எம்1 கார்பைன்: ரிசீவர் ஒரு கம்பெனி, போல்ட் வேற கம்பெனி. எல்லாத்தையும் ஒண்ணா மாத்தணுமா?

கத்துக்குட்டி:
எல்லாருக்கும் வணக்கம், இத்தன நாள் சும்மா படிச்சுட்டு போயிட்டு இருந்தேன், இப்ப வேற வழியில்லாம கேக்கறேன். ரெண்டு மாசம் முன்னாடி ஒரு எம்1 கார்பைன், அதான் ரெண்டாம் உலகப்போர் அமெரிக்க ராணுவத்தோட குட்டை ரைபிள், கைக்கு வந்துச்சு. கூட வேலை பாத்த பெரியவர் ரிட்டயர் ஆகும்போது டீலர் மூலமா முறைப்படி மாத்திக் குடுத்தார், அவரோட அப்பா 1963-ல என்ஆர்ஏ (அமெரிக்க ரைபிள் சங்கம்) மெம்பருங்களுக்கு 20 டாலருக்கு குடுத்தாங்களே அப்ப வாங்கினதாம். அதுக்கப்புறம் எப்பவாவது எண்ணெய் தடவினதோட சரி, பெருசா யாரும் சுட்டதில்ல.

பிரச்னை என்னன்னா நாலு அஞ்சு ரவுண்டுக்கு ஒரு தடவை போல்ட் (தோட்டாவை பின்னாடி இருந்து அடைச்சுப் பூட்டற இரும்பு) முழுசா முன்னாடி போகாம நூல் அளவு பாக்கி வெச்சு நின்னுடுது, ஸ்லைடை (போல்ட்டை முன்ன பின்ன ஓட்டற பார்ட்) உள்ளங்கையால ஒரு தட்டு தட்டினா போய் உக்காந்துடுது. நடுவுல ரெண்டு தடவை காலி பிராஸ் (தோட்டாவோட பித்தளை உறை) வெளிய போகாம புகைக்குழாய் மாதிரி செங்குத்தா மாட்டிக்கிச்சு. கழட்டிப் பாத்தா ரிசீவர் (எல்லா பார்ட்டும் மாட்டற நடு உடம்பு) இன்லேண்ட், போல்ட்ல டபிள்யூன்னு இருக்கு அதாவது வின்செஸ்டர், ட்ரிக்கர் ஹவுசிங்கும் பேரலும் அண்டர்வுட், ஸ்லைடு ராக்-ஓலா மாதிரி தெரியுது. சரி இந்த கதம்பம்தான் காரணம்னு முடிவு பண்ணி ஒரு இன்லேண்ட் போல்ட் தேடிப் புடிச்சு நூத்தி சொச்சம் டாலர் குடுத்து வாங்கி மாட்டிட்டேன். அப்பவும் அதே கதை. அடுத்து ஸ்லைடா, ட்ரிக்கர் ஹவுசிங்கா, எதை மாத்தறது?

பழைய இரும்பு:
தம்பி மொதல்ல வாங்கறதை நிறுத்துங்க. போல்ட்டை மாத்தினீங்களே, ஹெட்ஸ்பேஸ் கேஜ் வெச்சு யாராவது பாத்தாங்களா? பாக்கலன்னா இந்த பதிலை படிச்சு முடிக்கறதுக்குள்ள அதை பெட்டியில வெச்சு பூட்டுங்க, பாக்கற வரைக்கும் ஒரு ரவுண்டு கூட வேணாம். இந்த தோட்டா சேம்பர்ல (பேரல்ல தோட்டா உக்கார்ற குழி) பிராஸோட வாய் விளிம்புலதான் போய் உக்காரும், பின்னாடி போல்ட் முகத்துக்கும் அதுக்கும் நடுவுல எவ்வளவு இடம் விடுதுங்கறதுதான் ஹெட்ஸ்பேஸ், அது போல்ட்டுக்கு போல்ட் கொஞ்சம் மாறும். இது கண்ணால பாத்து சொல்ற விஷயம் இல்ல. கன்ஸ்மித்துக்கு (துப்பாக்கி ரிப்பேர்காரர்) அஞ்சு நிமிஷ வேலை.

அடுத்தது அந்த உள்ளங்கைத் தட்டு. போல்ட் பாக்கி வெச்சு நிக்குதுன்னா ஏதோ தடுக்குதுன்னு அர்த்தம், அதை தட்டி உக்கார வெச்சு சுடறது பழக்கமாயிடக் கூடாது. டிசைன்ல பாதுகாப்பு இருக்கு, இல்லன்னு சொல்லல. ஃபயரிங் பின்னோட (தோட்டாவை குத்தி வெடிக்க வைக்கற ஊசி) வால் ரிசீவர்ல குறுக்க இருக்கற பாலத்துல முட்டி நிக்கும், போல்ட் முழுசா திரும்பி பூட்டினாதான் அந்த வாலுக்கு வழி கிடைக்கும். ஆனா அந்த வாலும் பாலமும் எண்பது வருஷப் பழசு, தேஞ்சிருந்தா பூட்டாமலே வெடிக்கற ஆபத்து இருக்கு. கன்ஸ்மித் கிட்ட போகும்போது இதையும் பாக்கச் சொல்லுங்க.

இப்ப கதம்பத்துக்கு வரேன். 1941-ல ராணுவம் இதை எடுத்துக்கிட்டப்பவே எந்த கம்பெனி பார்ட்டும் எந்த கம்பெனி கார்பைன்லயும் உக்காரணும்னுதான் ஆர்டர். தயாரிச்சவங்க யாருன்னு பாருங்க, இன்லேண்ட் ஜெனரல் மோட்டார்ஸோட ஒரு பிரிவு, அண்டர்வுட் டைப்ரைட்டர் கம்பெனி, ராக்-ஓலா பாட்டுப் பெட்டி கம்பெனி, ஐபிஎம் எல்லாருக்கும் தெரியும், தபால் மீட்டர் செஞ்ச கம்பெனி கூட ஒண்ணு உண்டு. பெரிய ஒப்பந்தக்காரங்கள்ல துப்பாக்கி பேர் சொன்னா வின்செஸ்டர் ஒண்ணுதான். 1945-க்குள்ள எல்லாருமா சேந்து 60 லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளினாங்க, அதுல இன்லேண்ட் மட்டும் 26 லட்சம். ஒருத்தன் கிட்ட பேரல் தீந்துட்டா லைனை நிறுத்தாம இன்னொருத்தன் கிட்ட இருந்து லாரியில ஏத்தி அனுப்பறதுக்குன்னே ஒரு கமிட்டி வெச்சிருந்தாங்க. ஆக உங்க கார்பைன் தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போதே பாதி கதம்பமா இருந்திருக்கலாம். மிச்சத்தை போருக்கப்புறம் ஆயுதக் கிடங்குல பண்ணினாங்க, வர்றதை எல்லாம் கழட்டி குவியல் குவியலா போட்டு சோதிச்சு எது கைக்கு வந்துச்சோ அதை மாட்டி அனுப்பிட்டாங்க. அங்க யாரும் முத்திரை பாத்து ஜோடி சேக்கல.

அந்த டபிள்யூ போல்ட்டை வித்துடாதீங்க.

ஒரிஜினல் மட்டும்:
இரும்பு அண்ணே சொல்றது வேலை செய்யறதுக்கு சரி, மதிப்புக்கு சரியில்ல. எல்லா முத்திரையும் ஒரே கம்பெனின்னா விலையே வேற, நான் என்னோடதுக்கு மூணு வருஷமா ஒவ்வொண்ணா தேடி சேத்துட்டு இருக்கேன்.

பழைய இரும்பு:
நீங்க சேத்தது நீங்க சேத்ததுதான், 1943-ல யாரும் அப்படி சேக்கல. ரசனைக்கு பண்ணுங்க, நான் குறுக்க வரல. ஆனா கத்துக்குட்டி கேட்டது ஏன் மாட்டுதுன்னு. அவருக்கு போய் முத்திரை ஜோடி சேருங்கன்னு சொன்னா தலைவலிக்கு செருப்பு மாத்தின கதை.

பிராஸ் பொறுக்கி:
யாருமே கேக்கலயே, என்ன தோட்டா போடறீங்க ப்ரோ? ஃபேக்டரி பெட்டியா, ரீலோடா (சுட்ட பிராஸ்ல திரும்ப மருந்து போட்டது)?

கத்துக்குட்டி:
கலந்துதான். பெரியவர் துப்பாக்கியோட ஒரு டப்பா நிறைய ரீலோடு குடுத்தார், யாரு எப்ப போட்டதுன்னு அவருக்கே தெரியல. அதுல கொஞ்சம், கடையில வாங்கின புது பெட்டியில கொஞ்சம். ரெண்டுலயும் மாட்டுது, ஆனா இப்ப நீங்க கேக்கும்போது யோசிச்சா ரீலோடுலதான் ஜாஸ்தி.

பிராஸ் பொறுக்கி:
அய்யய்யோ. யாரு போட்டதுன்னு தெரியாத ரீலோடை சுடவே கூடாது ப்ரோ, இது கார்பைனுக்கு மட்டும் இல்ல எதுக்கும்தான். மருந்து எவ்வளவு போட்டிருக்குன்னு வெளிய இருந்து யாருக்கும் தெரியாது. அந்த டப்பாவை தனியா எடுத்து வைங்க.

ஆனா எனக்கு சந்தேகம் என்னன்னு சொல்றேன். இந்த பிராஸ் நீளம் அதிகபட்சம் 1.290 இஞ்ச். நேரா இருக்கற மாதிரி தெரியும் ஆனா லேசா கூம்பிப் போகும். சுட்டு, சைஸ் பண்ணி (அச்சுல அழுத்தி பழைய அளவுக்கு கொண்டு வந்து), திரும்ப சுட்டு, ஒவ்வொரு சுத்துக்கும் இழுத்து நீளம் ஏறிட்டே போகும். வாய் விளிம்புல உக்கார்ற தோட்டா ஆச்சே, நீளம் ஏறினா என்ன ஆகும், போல்ட் பூட்டறதுக்கு முன்னாடியே முன்னாடி முட்டிக்கும், நூல் அளவு பாக்கி நிக்கும். நீங்க சொன்ன அதே அறிகுறி. நான் ஆரம்பத்துல இதே தப்பு பண்ணி ஒரு சாயங்காலம் பூரா ரேஞ்ச்ல தலையை சொறிஞ்சுட்டு நின்னேன், வீட்டுக்கு வந்து காலிப்பர் வெச்சா பத்துக்கு ஆறு நீளம். அப்புறம் ட்ரிம்மர் வாங்கினேன். இன்னொண்ணு, இதுல குண்டு நகராம இருக்க பிராஸ் வாயை உள்ள வளைச்சு கிரிம்ப் அழுத்தமா போட்டுட்டாங்கன்னா உக்கார விளிம்பே இல்லாம போயிடும், அது நேர் எதிர் தொல்லை.

அந்த டப்பாவுல ஒரு பத்து எடுத்து அளந்து மட்டும் பாருங்க. சுடறதுக்கு இல்ல, தெரிஞ்சுக்கறதுக்கு.

துரு எதிரி:
பிராஸ் தம்பி சொன்னது ரீலோடுக்கு சரி, ஆனா புது பெட்டியிலயும் மாட்டுதுன்னு சொல்றாரே. நான் வரிசையா சொல்றேன், ஒவ்வொண்ணா பாத்துட்டு வாங்க. மேகசின் (தோட்டா அடுக்கற கூடு) கழட்டி, சேம்பர் காலியான்னு கண்ணாலயும் பாத்து விரலாலயும் தொட்டுப் பாத்த பிறகு ஆரம்பிங்க. தோட்டா எதுவும் அதே மேசையில இருக்கக் கூடாது.

ரீகாயில் ஸ்பிரிங்கை (ஸ்லைடை திரும்ப முன்னாடி தள்ளற ஸ்பிரிங்) வெளிய எடுத்து ஸ்கேல் பக்கத்துல படுக்க வைங்க. புதுசா இருந்தா பத்தே கால் இஞ்ச் கிட்ட இருக்கும். பத்துக்கு கீழ இறங்கியிருந்தா கேள்வியே வேணாம், மாத்துங்க. பழைய கார்பைன்ல பாதி வியாதி இந்த ஒரு ஸ்பிரிங்தான், விலையும் ஒண்ணும் பெருசு இல்ல. ஜாஸ்தி பவர்னு சொல்லி விக்கறதை வாங்காதீங்க, தேவைக்கு மேல இறுக்கமா இருந்தா ஸ்லைடு பின்னாடி முழுசா வராம வேற மாதிரி மாட்டும். ஸ்பிரிங் போற குழாயையும் துணி விட்டு எடுங்க, எனக்கு ஒரு தடவை அதுக்குள்ள இருந்து கறுப்பா தார் மாதிரி வந்துச்சு, கிடங்குல பூசின பழைய கிரீஸ், அறுபது வருஷமா உள்ளேயே இருந்திருக்கு.

அப்புறம் கேஸ் பிஸ்டன், அதான் சுடும்போது வர்ற வாயு தள்ளற குட்டி உருளை. ஸ்லைடை கழட்டின பிறகு பேரலை ஒரு தடவை மேல, ஒரு தடவை கீழ சாய்ச்சு காது குடுங்க, டிக் டிக்னு சின்ன சத்தம் வரணும். அந்த பிஸ்டன் ஓடற தூரமே எட்டுல ஒரு இஞ்சுக்கு கொஞ்சம் மேலதான், அவ்வளவு குட்டித் தட்டுலதான் ஸ்லைடு பூரா பின்னாடி பறக்குது. சத்தம் வந்தா அதை தொடாதீங்க, சுத்தமா இருக்கு. வரலன்னா கொஞ்சம் கரி கரைக்கற சால்வென்ட் விட்டு ஊற வெச்சு திரும்ப சாய்ச்சுப் பாருங்க. பிஸ்டனை பிடிச்சிருக்கற நட்டை கழட்ட ஆசைப்படாதீங்க, அதை ஓரத்துல குத்தி பூட்டியிருப்பாங்க, அதுக்குன்னு தனி ரென்ச் இருக்கு, இடுக்கி போட்டு திருகி மரை போன கார்பைனை நான் நிறைய பாத்துட்டேன். முக்கியமா பிஸ்டனுக்கு எண்ணெய் கூடாது. சூட்டுல எண்ணெய் கரியாகி அதையே ஒட்ட வெச்சுடும்.

கிரீஸ் எங்கன்னா போல்ட் லக் (போல்ட்டை பூட்டற முளை) ரெண்டும் அதுங்க உக்கார்ற இடமும், ஸ்லைடுல போல்ட் லக் சறுக்கற வளைவு, ஸ்லைடு ஓடற பள்ளம். பட்டாணி அளவு கூட வேணாம், விரல் நுனியில தடவி இழுத்தா போதும். மத்த இடத்துக்கு லேசான எண்ணெய், சேம்பர் காய்ஞ்சு இருக்கணும்.

கத்துக்குட்டி:
ரொம்ப நன்றி அக்கா. பேரலை பின்னாடி இருந்து சுத்தம் பண்ண முடியலயே, ராடு போகல, எப்படி பண்றீங்க?

துரு எதிரி:
போகாது, ரிசீவர் பின்பக்கம் மூடியிருக்கு. ராடு வெச்சா முன்னாடி இருந்துதான் விடணும், அப்ப வாய் விளிம்பு உரசாம இருக்க பித்தளை கைடு ஒண்ணு மாட்டிக்கோங்க. ராணுவத்துல வருஷக்கணக்கா வெறும் ஸ்டீல் ராடு விட்டு தேச்சு பேரல் வாயே அகலமான கார்பைன்கள் இருக்கு, அதுங்க குறி சிதறும், மக்கள் பேரல் தேஞ்சு போச்சுன்னு நினைப்பாங்க, தேஞ்சது கடைசி அரை இஞ்ச் மட்டும்தான். நான் ராடே விடறதில்ல, கயிறு மாதிரி இழுக்கற கேபிள்தான், சேம்பர் பக்கம் இருந்து வாய்ப்பக்கம் இழுத்துடுவேன். ஒரு நல்ல விஷயம், இந்த தோட்டாவுக்கு அமெரிக்காவுல ஆரம்பத்துல இருந்தே துரு பிடிக்க வைக்காத பிரைமர்தான் (மருந்தை பத்த வைக்கற மூடி) போட்டாங்க, அதனாலதான் எண்பது வருஷத்துக்கப்புறமும் உள்ள பளபளன்னு பேரல் கிடைக்குது.

ரெண்டு ஸ்பிரிங்காரன்:
இரும்பு அண்ணே எல்லா பார்ட்டும் எல்லாத்துலயும் உக்காரும்னு சொன்னாரே, என் கதையை கேளுங்க. என்னோடது போருக்கப்புறம் சிவில் மார்க்கெட்டுக்கு வந்த கார்பைன், கம்பெனி பேர் வேணாம். வெளிய பாத்தா அச்சு அசல் அதே ஜாடை. ஸ்லைடு தேஞ்சு போச்சுன்னு ராணுவ ஸ்லைடு ஒண்ணு வாங்கினேன், உக்காரவே இல்ல. கழட்டிப் பாத்தாதான் தெரியுது எனக்கு ரீகாயில் ஸ்பிரிங்கே ரெண்டு இருக்கு! ராணுவ மாடல்ல ஒண்ணுதான். ஸ்லைடும் வேற மாதிரி, தகடு அடிச்சு செஞ்சது. வாங்கினதை திருப்பிக் குடுக்கவும் முடியல, ஷெல்ஃப்ல பேப்பர் வெயிட்டா இருக்கு.

பழைய இரும்பு:
நான் சொன்னது போர்க்கால ராணுவ கார்பைனுக்கு, தெளிவா சொல்லியிருக்கணும், தப்பு என் மேலதான். அறுபதுகள்ல வந்த சில சிவில் தயாரிப்புகள் முதல்ல ராணுவத்து மிச்ச பார்ட்ஸை வெச்சே செஞ்சாங்க, மிச்சம் தீர தீர சொந்த டிசைனுக்கு போயிட்டாங்க. ஒரே பேர்ல ஆரம்ப சீரியல் ஒத்துப் போகும், பின்னாடி சீரியல் ஒத்துப் போகாது. அதனால சிவில் மாடல் வெச்சிருக்கறவங்க ஸ்லைடு, போல்ட், ஸ்பிரிங், ட்ரிக்கர் ஹவுசிங் எது வாங்கறதா இருந்தாலும் தன்னோடதை கழட்டி பக்கத்துல படம் வெச்சு பாத்துட்டு வாங்கணும். மேகசின் மட்டும் பெரும்பாலும் ஒத்துப் போகும்.

ராணுவ மாடல்லயே சில இடம் கவனிக்கணும். 15 ரவுண்டு மேகசினுக்கு வந்த ஆரம்ப கால மேகசின் கேட்ச்ல (மேகசினை பிடிச்சு நிறுத்தற கொக்கி) 30 ரவுண்டை தொங்க விட்டா கனம் தாங்காது, மூக்கு சாயும், ஃபீட் ஆகாது. 30-க்குன்னு பின்னாடி வந்த கேட்ச்ல கூடுதலா ஒரு தாங்கு முளை இருக்கும். முன்பக்க பேண்டை (பேரலையும் கட்டையையும் சேத்துப் பிடிக்கற வளையம்) கத்தி மாட்டற வகைக்கு மாத்தணும்னு ஆசைப்படறவங்க முன் சைட்டை கழட்டாம பேண்ட் வெளிய வராதுங்கறதை ஞாபகம் வைங்க, சுத்தியல் எடுத்துட்டு போய் சைட்டை கெடுத்தவங்க ஏராளம். சேஃப்டி முதல்ல அழுத்தற பட்டனா இருந்துச்சு, மேகசின் பட்டன் பக்கத்துலயே, பதட்டத்துல சேஃப்டின்னு நினைச்சு மேகசினை கீழ போட்டுட்டாங்கன்னு திருகற லீவரா மாத்தினாங்க. அது ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக்கலாம். கட்டையிலயும் (துப்பாக்கியோட மர உடம்பு) ஸ்லைடு பக்கம் மரம் உயரமா இருக்கறது, தாழ்வா இருக்கறதுன்னு ரெண்டு உண்டு, எது வேணா உக்காரும், ஆனா புதுக் கட்டை வாங்கினா ஸ்லைடு உள்ள மரத்துல உரசுதான்னு பாருங்க. கத்துக்குட்டி, உங்க கட்டையையும் பாருங்க, உரசின இடம் பளபளன்னு தெரியும்.

ஒரிஜினல் மட்டும்:
தனிச்செய்தியில ஒருத்தர் எம்2 (இதே கார்பைன்ல தொடர்ந்து சுடற வகை) பார்ட்ஸ் பத்தி கேட்டார், எம்1-ல போடலாமான்னு.

பழைய இரும்பு:
தொடர்ந்து சுடற வகைக்கான பார்ட்ஸ்னா இங்க பேச்சே வேணாம். மாட்டறது மட்டும் இல்ல, அந்த செட்டை சேத்து கையில வெச்சிருக்கறதே மெஷின்கன் கணக்குல வரும், அமெரிக்காவுல 1934 சட்டமும் 1986 சட்டமும் இருக்கு, ஜெயில்தான். எம்2 கட்டை, மேகசின் கேட்ச் மாதிரி பொதுவான சாமான் வேற விஷயம். மேகசினும் உங்க மாநிலத்துல எத்தன ரவுண்டு வரைக்கும் விடறாங்கன்னு பாத்துட்டு வாங்குங்க, சில மாநிலத்துல 10-க்கு மேல கூடாது, அப்ப அந்த அசல் 15 கூட தப்பு.

கத்துக்குட்டி:
எல்லாரும் சொன்னதை ஒவ்வொண்ணா பாத்துட்டு வந்தேன், மூணு வாரம் ஆச்சு, லேட்டுக்கு மன்னிக்கணும்.

ரீகாயில் ஸ்பிரிங் ஒம்பதரை இஞ்ச் கூட இல்ல. புதுசை பக்கத்துல வெச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கு, அதுவும் பழசு நடுவுல லேசா கோணி இருக்கு. பிஸ்டன் முதல்ல சத்தமே வரல, சால்வென்ட் விட்டு ராத்திரி பூரா வெச்சேன், காலைல சாய்ச்சா டிக். அந்த சத்தத்தை கேக்க நாலு தடவை சாய்ச்சேன், வீட்டுக்காரி ஒரு மாதிரி பாத்தா. ரீலோடு பத்து அளந்ததுல ஏழு 1.290-க்கு மேல. அந்த டப்பாவை பொறுக்கி ப்ரோ சொன்ன மாதிரி தனியா வெச்சுட்டேன், ரேஞ்ச்லயே வாங்கி அழிச்சுடுவாங்களாம்.

கன்ஸ்மித் கிட்ட ரெண்டு போல்ட்டையும் எடுத்துட்டு போனேன். பழைய டபிள்யூ போல்ட் கேஜ்ல ஜம்முனு உக்காந்துச்சு. நான் காசு குடுத்து வாங்கின இன்லேண்ட் போல்ட் ஃபீல்டு கேஜ்ல (ஹெட்ஸ்பேஸோட கடைசி வரம்பை பாக்கற கேஜ்) மூடிக்கிச்சு, மூடவே கூடாது. அதை மாட்டி நான் ஒரு பெட்டி சுட்டிருக்கேன். மனுஷன் ஒண்ணும் சொல்லல, கேஜை எடுத்து என் கையில குடுத்து நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கன்னார். போட்டேன். போல்ட் மெதுவா போய் மூடிக்கிச்சு. கொஞ்ச நேரம் பேச்சே வரல.

பழைய இரும்பு:
ஆள் முழுசா இருக்கீங்கல்ல, அது போதும். எக்ஸ்ட்ராக்டர் (காலி பிராஸை சேம்பர்ல இருந்து இழுக்கற கொக்கி) பாத்தாரா? செங்குத்தா மாட்டினதா சொன்னீங்களே.

கத்துக்குட்டி:
பாத்தார் அண்ணே, எக்ஸ்ட்ராக்டர் நகம் நல்லா இருக்கு, காலி பிராஸை வெளிய தள்ளற எஜெக்டரோட ஸ்பிரிங்தான் பழைய கிரீஸ்ல இறுகிப் போய் பாதிதான் எழும்பி வந்துச்சு. அவர் கிட்ட போல்ட் கழட்டற டூல் இருந்துச்சு, கழட்டி சுத்தம் பண்ணி ஸ்பிரிங் மாத்திக் குடுத்தார். ஃபயரிங் பின் வாலையும் பாலத்தையும் பாத்துட்டு தேய்மானம் இல்லன்னார்.

துரு எதிரி:
ரீகாயில் பிளேட் ஸ்க்ரூ பாத்தீங்களா? கட்டை பின்னாடி ரிசீவர் வால் மாட்டற இடம். அது ஆடினா குறி ஒரு நாளும் ஒரே இடத்துல விழாது.

கத்துக்குட்டி:
ஆடிட்டுதான் இருந்துச்சு அக்கா, முக்கால் சுத்து இறுக்கினேன். முன் பேண்டை தளர்த்தினா பேரல் கட்டையில இருந்து லேசா மேல எழும்பி நிக்கணும்னு எங்கேயோ படிச்சேன், இப்ப நிக்குது. கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் ரெண்டு கை தேச்சேன், பச்சை எண்ணெய்தான், காய்ச்சினது இல்ல.

நேத்து ரேஞ்ச் போனேன். டபிள்யூ போல்ட், புது ஸ்பிரிங், புது பெட்டி தோட்டா. நாலு மேகசின், 60 ரவுண்டு. 58 சுத்தமா ஓடிச்சு, ரெண்டு மாட்டிச்சு, ரெண்டும் ஒரே மேகசின்ல. அதோட உதட்டை (மேல தோட்டாவை பிடிக்கற மடிப்பு) மத்த மூணோட பக்கத்துல வெச்சுப் பாத்தா ஒரு பக்கம் விரிஞ்சிருக்கு.

பிராஸ் பொறுக்கி:
அதை நிமித்தப் பாக்காதீங்க ப்ரோ. அடியில பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு டம்மி போட்டு பழகறதுக்குன்னு ஒதுக்கிடுங்க.

ஒரிஜினல் மட்டும்:
அந்த இன்லேண்ட் போல்ட் மேல் பக்கம் தட்டையா (ஆரம்ப கால வகை) உருண்டையா? தட்டைன்னா நான் எடுத்துக்கறேன், சுட மாட்டேன், கண்ணாடிப் பெட்டியில வெக்கறதுக்குத்தான்.

கத்துக்குட்டி:
உருண்டை.

ஒரிஜினல் மட்டும்:
அப்ப வேணாம்.